மடியில் வந்த கீரை

களை எடுத்துவிட்டுக் கரையேறுகிற பெண்களின் மடி கனத்திருக்கும். காலையில் வெறும் மடியோடு வயலில் இறங்கியவர்கள், உச்சி வெயிலில் ஆரைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் கரிசலாங்கண்ணியும் திணித்துக் கட்டிய மடியோடு வருவார்கள். வாய்க்காலில் கைகால் கழுவி, கீரையையும் அலசிக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட எங்கள் வாசலைத் தாண்டித்தான் தங்கள் தெருவுக்குப் போவார்கள். ஒரு பிடி ஆரைக்கீரை எங்கள் திண்ணையிலும் விழும். புல் தனிக்கட்டாகத் தலையில் இருக்கும், அது மாட்டுக்கு. மன்னார்குடிக்குத் தெற்கே எங்களுக்கு மூன்று மா வயல், அதாவது ஒரு ஏக்கர். அதில் களை என்று பிடுங்கிய எதுவும் வரப்பில் கிடந்து வீணாய்க் காய்ந்ததாக எனக்கு நினைவில்லை.

1974 சம்பாவில் எனக்குப் பத்து வயது. நடவு முடிந்து இருபது நாள் இருக்கும், முதல் களை. ஆள் சேர்த்துக்கொண்டு வருகிற ஆயாவுக்கு அப்போதே அறுபது தாண்டியிருக்க வேண்டும். நானும் இறங்குவேன் என்று அடம்பிடித்தேன். இறங்கி, ஒரு முழம் நகர்வதற்குள் நான்கைந்து நெற்பயிரைப் பிடுங்கிவிட்டேன். குதிரைவாலிப் புல் சின்னதாய் இருக்கும்போது நெல்லைப் போலவே இருக்கும். அதே பச்சை, அதே உயரம். ஆயா என் கையிலிருந்ததை வாங்கிப் பார்த்தாள். திட்டவில்லை.

"கழுத்தப் பாருங்க தம்பி. நெல்லுக்கு நாக்கு இருக்கும். இதுக்கு இருக்காது."

இலையைத் தண்டிலிருந்து விலக்கிக் காட்டினாள். நெல்லில், இலை தண்டைத் தழுவிப் பிரிகிற இடத்தில், மெல்லிய வெள்ளைச் சவ்வு ஒன்று நாக்கு போல நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பொடி மயிர்க் கொத்து. குதிரைவாலியில் அந்த இடம் மொட்டையாக, வழுவழுவென்று இருந்தது. பல ஆண்டுகள் கழித்துத் தாவரவியல் புத்தகம் ஒன்றில் இதே அடையாளத்தைப் படம் போட்டுச் சொல்லியிருப்பதைப் பார்த்தேன். எழுதப் படிக்கத் தெரியாத ஆயாவுக்கு அது விரல் நுனியில் இருந்தது. சேற்றுத் தண்ணீருக்குள் பார்க்காமலே தடவிப் பிடுங்குவாள். வருவது புல்லாகத்தான் இருக்கும். கரிசலாங்கண்ணியில் வரப்போரத்துச் செடியை மட்டும் விட்டுவைப்பாள். "அத புடுங்கிட்டா மஞ்சக்காமாலைக்கு எங்க போறது?"

களை எடுப்பது என்றால் வேண்டாததை அழிப்பது என்றுதான் சொல்கிறோம். அவர்கள் செய்தது அழிப்பில்லை, பிரிப்பு. இது நெல், இது மாட்டுக்கு, இது குழம்புக்கு, இது மருந்துக்கு, இது மறுபடி முளைக்காமல் சேற்றில் மிதித்துப் புதைக்க வேண்டியது. ஐந்து பெண்கள் வரிசையாகக் குனிந்து நகரும்போது ஒரு வயல் முழுக்கச் செடி செடியாகப் படிக்கப்பட்டது.

அந்தக் காலம் பொன்னானது என்று சொல்ல நான் வரவில்லை. மழைத்தண்ணீரில் நாள் முழுக்க நின்று விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். அட்டை கடித்த இடத்தில் ரத்தம் நிற்காமல் வழியும். குனிந்த முதுகு ஐம்பது வயதில் நிமிர மறுக்கும். கூலி நெல்லாக அளக்கப்பட்டது, அதுவும் குறைத்து. நான் பிறந்து நான்கே வருடத்தில், 1968 டிசம்பரில், எங்கள் பகுதிக்குக் கிழக்கே கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அதன் பின்னால் இருந்தது கூலி உயர்வுப் போராட்டம். அந்த முதுகுகளின் மேல்தான் எங்கள் வயல் சுத்தமாக இருந்தது. எனவே, களைக்கொல்லி வந்தபோது அதை ஒரு விடுதலையாக யாராவது நினைத்திருந்தால் நான் குறை சொல்ல மாட்டேன்.

எங்கள் வீட்டுக்கு அது 1986-ல் வந்தது. பூட்டாக்குளோர். ஏக்கருக்கு ஒரு லிட்டர் கணக்கு. நட்ட மூன்றாம் நாள், இருபது கிலோ ஆற்று மணலைச் சாக்கில் கொட்டி, அப்பா புட்டியைத் திறந்து ஊற்றி, வெறுங்கையால் சோறு பிசைவது போலப் பிசைந்தார். எண்ணெய்யும் இனிப்பும் கலந்த ஒரு நெடி. மேலே துண்டு, கீழே வேட்டி, அவ்வளவுதான். கூடையில் அள்ளிக்கொண்டு வயல் முழுக்க விசிறினார். இரண்டு நாளைக்குத் தண்ணீரை வடிக்கக் கூடாது, வயல் காயவும் கூடாது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். விதையிலிருந்து வெளிவரும் முளையை மண்ணின் மேல்மட்டத்திலேயே மடக்கிவிடுகிற மருந்து அது; தண்ணீர்ப் படலம் இருந்தால்தான் சீராகப் பரவும். முளைத்து நிமிர்ந்துவிட்ட களையிடம் அதன் வேலை நடக்காது.

மருந்து என்றுதான் சொன்னோம். இன்றும் அப்படித்தான். காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து, களையைக் கொல்வதும் மருந்து. அந்தச் சொல்லை நம்பித்தான் அப்பா கையால் பிசைந்தார் என்று நினைக்கிறேன். அன்று சாப்பிட உட்காரும் முன் மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் நெடி போகவில்லை என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வயல் சுத்தமாக இருந்தது. இருபதாம் நாள் வரப்பில் நின்று பார்த்தபோது நடவு வரிசைகளுக்கு நடுவே வெறும் தண்ணீர் வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. அப்பாவின் முகத்தில் அவ்வளவு நிம்மதியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. களைக்கூலிக்குக் கடன் வாங்காத முதல் வருடம் அது. அன்றோ மறுநாளோ ஆயா வந்து வாசலில் நின்றாள். "இந்த வருசம் களைக்கு எப்ப வரட்டும்?" அப்பா, "இந்த வருசம் வேணாம் ஆயா, மருந்து போட்டாச்சு" என்றார். அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். அம்மா பின்னாலேயே ஓடி ஒரு மரக்கால் நெல் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த மரக்கால் நெல் எதற்கு ஈடு என்று அம்மாவுக்கும் தெரிந்திருக்காது.

இரண்டு மூன்று வருடத்தில் புல் அடங்கி, அகல இலைக் களைகள் தலைதூக்கின. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பப் போட்டால், அதற்கு அடங்காத களைக்கு இடம் விட்டுக் கொடுக்கிறோம் என்று பொருள். பஞ்சாப், அரியானா கோதுமை வயல்களில் 1990-களின் தொடக்கத்தில் ஐசோபுரோட்டியூரான் என்ற களைக்கொல்லிக்குச் சாகாத புல் ஒன்று பெருகி விவசாயிகளைக் கலங்க வைத்ததும் இந்தக் கதைதான். எங்கள் ஊரில் அடுத்த புட்டி 2,4-டி. அது செடியின் வளர்ச்சி ஹார்மோனைப் போல நடித்து, தாறுமாறாக வளரவைத்து, முறுக்கிக் கொல்லும். புல் இனத்தை ஒன்றும் செய்யாது, எனவே நெல் தப்பித்துவிடும். அகல இலை எதுவும் தப்பாது. ஆரை, பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி, வல்லாரை. ஆயாவின் மடியில் வந்தவை எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. ஒரு கோடையில், நாங்கள் அடித்தது காற்றில் போய்ப் பக்கத்துப் பருத்திக்கு மேல் படிந்தது. பருத்தி இலை விரல் விரலாகச் சுருங்கிப்போயிற்று. பருத்திக்காரர் எங்களோடு இரண்டு வருடம் பேசவில்லை. நியாயம்தான்.

நான் வேலைக்காக வெளியூர் போனேன். முப்பது வருடம். வயலைக் குத்தகைக்கு விட்டோம். தென்னந்தோப்பை அப்பா வைத்துக்கொண்டார். அவர் காலத்துக்குப் பின் மாதம் ஒருமுறை தேங்காய்க் கணக்குப் பார்க்க வருவதோடு சரி. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்து தோப்பில் பாதிக்கும் மேல் மரங்களைச் சாய்த்தது. சாய்ந்த மரங்களை அகற்றி முடிக்கவே மாதக்கணக்கானது. அதன்பின் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. நாற்பது வருட நிழலில் அடங்கிக் கிடந்த மண்ணில் வெயில் விழுந்ததும், பார்த்தீனியமும் கோரையும் அருகும் போட்டிபோட்டு எழுந்தன. புதிதாக நட்ட தென்னம்பிள்ளை எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

உரக்கடையில் கிளைபோசேட் கொடுத்தார்கள். எல்லாரும் அதைத்தான் வாங்குகிறார்கள். ஒரு லிட்டர் புட்டியின் விலை, இரண்டு பெண்களின் ஒருநாள் கூலிக்குக்கூட வராது. ரவுண்டப் என்ற பெயரில் அது அமெரிக்காவில் முதன்முதலாகச் சந்தைக்கு வந்தது 1974-ல் என்று பின்னர் படித்தபோது கொஞ்ச நேரம் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். ஆயா எனக்கு நெல்லின் நாக்கைக் காட்டிய வருடம் அது.

கிளைபோசேட் கெட்டிக்கார மருந்து. இலையில் பட்டால் வேர்வரை இறங்கும். செடி தனக்கு வேண்டிய சில அமினோ அமிலங்களைச் செய்துகொள்ளும் ஒரு பாதையை அடைக்கும்; மனித உடலில் அந்தப் பாதையே இல்லை. பாதுகாப்பானது என்று சொல்பவர்களின் முதல் வாதம் இது, வேதியியல் உண்மையும்கூட. ஆனால் 2015 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் மிகுந்தவற்றின் வரிசையில் அதைச் சேர்த்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அதை ஏற்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் இன்னும் பத்து ஆண்டுகளுக்கு அனுமதி நீட்டித்தது. இலங்கை 2015-ல் தடை செய்து, 2018-ல் தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் தளர்த்தியது. இந்திய அரசு 2022 அக்டோபரில், உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள் மட்டுமே அதைத் தெளிக்கலாம் என்று அறிவித்தது. எங்கள் ஊரில் அப்படி ஒருவரையும் நான் பார்த்ததில்லை. முதுகில் டேங்க்கை மாட்டிக்கொண்டு, லுங்கியை மடித்துக் கட்டி, வாயில் துணிகூட இல்லாமல் அடிக்கிறவர்கள்தான் இருக்கிறார்கள். அதே கடை அலமாரியில் பாராகுவாட்டும் இருந்தது. அது உள்ளே போனால் மாற்று மருந்து கிடையாது, நுரையீரல் நாட்கணக்கில் இறுகிப்போகும். அப்படி ஒரு பொருள் வீட்டுத் திண்ணையில் உரச்சாக்குக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

இரண்டு முறை கிளைபோசேட் அடித்தேன். இரண்டாவது முறை, காய்ந்து மஞ்சளான தரையில் ஒரு மைனா கூட இறங்கவில்லை. மருந்தால்தானா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். மனசு கேட்கவில்லை, நிறுத்திவிட்டேன்.

அதன்பிறகுதான் இயற்கைக் களைக்கொல்லிக்கு வந்தேன். வினிகர், கல் உப்பு, கொஞ்சம் சோப்புக் கரைசல். வேறு சிலர் கோமியம், சுண்ணாம்பு, வேப்பெண்ணெய் சேர்க்கச் சொன்னார்கள். காலை ஒன்பது மணிக்கு அடித்தேன். மதியம் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் பார்த்தீனியத்தின் இளஞ்செடிகள் வெந்த கீரை போலத் துவண்டிருந்தன. சந்தோஷமாக இருந்தது. கோரையும் பழுப்பாகிக் கிடந்தது. ஒன்பதாம் நாள் அதே இடத்தில் கோரை பச்சை ஊசியாகக் கிளம்பியிருந்தது. அமிலம் பட்ட இலையை எரிக்கும், அவ்வளவே. கோரையின் உயிர் மண்ணுக்கடியில் கிழங்கில் இருக்கிறது. அங்கே அது போகாது. சமையல் வினிகரில் அசிட்டிக் அமிலம் நூற்றுக்கு நான்கோ ஐந்தோ பங்குதான். போதவில்லை என்று இருபது பங்கு உள்ளதை வரவழைத்தேன். கலக்கும்போது ஒரு சொட்டு கண்ணோரத்தில் தெறித்தது. அரைமணி நேரம் குழாயடியில் கண்ணைக் கழுவிக்கொண்டு நின்றேன். அப்பா பூட்டாக்குளோரை வெறுங்கையால் பிசைந்தார். நான் வினிகருக்குக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளக் கற்றேன்.

இயற்கை, செயற்கை என்கிற ஒப்பீட்டை நாம் நேர்மையாகச் செய்ய வேண்டும். உண்ட எலிகளில் பாதியைக் கொல்லும் அளவை வைத்து உடனடி நச்சை அளக்கிறார்கள். உடல் எடை ஒரு கிலோவுக்கு கிளைபோசேட் ஐந்து கிராமுக்கு மேல் தேவைப்படுகிறது. அசிட்டிக் அமிலம் சுமார் 3.3 கிராம், சாப்பாட்டு உப்பு சுமார் 3 கிராம். அந்த அளவுகோலில் உப்பும் வினிகரும்தான் கடுமையானவை. அந்த அளவுகோல் எல்லாவற்றையும் அளக்காது என்பதும் உண்மை: வருடக்கணக்கில் சிறுகச் சிறுகப் படுவதையும், மருந்தோடு சேர்க்கிற பிற பொருள்களையும், தண்ணீரில் கரைந்து போவதையும் அது சொல்லாது. இன்னொன்று, நான் வாங்கிய வினிகர் புட்டியைத் திருப்பிப் பார்த்தபோது பின்னால் சின்ன எழுத்தில் 'சிந்தெடிக்' என்று இருந்தது. பழச்சாறோ கள்ளோ புளித்து வந்ததல்ல அது. தொழிற்சாலையில் தயாரான அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீர் சேர்த்து நீர்த்தது. இன்னொரு பக்கம், நம் ஊர்ப் பூங்காக்களிலும் புட்டி கழுவும் பிரஷ் போலச் சிவப்பாகப் பூத்து நிற்கிற மரத்தடியில் களை குறைவாக இருப்பதை 1977-ல் கலிஃபோர்னியாவில் ஒரு விஞ்ஞானி கவனித்தார். அந்த மரத்தின் நச்சைப் பார்த்து உருவானதுதான் இன்று மக்காச்சோளத்துக்கு அடிக்கிற மீசோட்ரியோன். இயற்கை, செயற்கை என்று புட்டியின் முகத்தில் எழுதியிருப்பதை வைத்து நான் இனி எதையும் முடிவு செய்யப் போவதில்லை.

உப்பு செய்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பார்த்தீனியத்துக்கு லிட்டருக்கு 200 கிராம் உப்புக் கரைசல் தெளிக்கலாம் என்று வேளாண் பரிந்துரையே உண்டு. அது சாலையோரத்துக்கும் தரிசுக்கும் உரியது. நான் தோட்டத்து மூலையில், கிணற்றடிக்குப் பக்கத்தில், மூன்று தடவை ஊற்றினேன். களை போயிற்று. அடுத்த மழைக்குப் பின் அங்கே தண்ணீர் இறங்காமல் பளபளவென்று தேங்கி நின்றது. களிமண்ணில் சோடியம் சேர்ந்தால் மண்ணின் பொலபொலப்பு உடைந்து மேல்தோல் இறுகிவிடும். இரண்டு மாதத்தில், அம்மா வைத்த எலுமிச்சை மரத்தின் இலை ஓரங்கள் கருகத் தொடங்கின. கடலோரம் உப்பு ஏறிக்கொண்டிருக்கிற டெல்டாவில், என் கையால் உப்பைக் கொண்டுவந்து மண்ணில் கொட்டியிருக்கிறேன். கிளைபோசேட்டாவது மண்ணில் நுண்ணுயிர்களால் காலப்போக்கில் சிதையும். உப்பு எங்கே சிதையும்?

அம்மாவிடம் ஒரு களைக்கொல்லி இருந்தது. நெல் அவித்து இறக்கியபின் அண்டாவின் அடியில் மிஞ்சுகிற கொதிநீர். அதை வாசல் கல் இடுக்குகளில் முளைத்த புல்லின் மேல் ஊற்றுவாள். ஊற்றும் முன், "சின்ன உயிரெல்லாம் ஒதுங்கிக்கோங்க" என்று சொல்லி ஒரு செம்பு பச்சைத் தண்ணீரைத் தெளித்துவிட்டு, சற்றுப் பொறுத்துத்தான் ஊற்றுவாள். எறும்புகள் உண்மையிலேயே ஒதுங்கினவா என்று நான் குனிந்து பார்த்ததுண்டு. சில ஒதுங்கும். நான் அடித்த மருந்துகளில் எதற்கு முன்னாலும் அப்படி ஒரு நொடி பொறுத்ததில்லை.

இப்போது தோப்பில் எதுவும் அடிப்பதில்லை. இயற்கை விவசாயத்துக்காகப் பேசிய நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போன மூடாக்குதான் கடைசியில் கைகொடுத்தது. விழுந்த மட்டை, தேங்காய் உரிமட்டை, வைக்கோல் எல்லாவற்றையும் தென்னம்பிள்ளையைச் சுற்றி ஒரு முழம் உயரத்துக்குப் பரப்பினோம். நடுவில் சணப்பும் தட்டைப்பயறும் விதைத்தோம். களைக்கு வேண்டியது வெளிச்சம். அதை மறைத்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்கு ஆள் வேண்டும். குத்தகையிலிருந்து திருப்பி வாங்கிய வயலில் 25 சென்டிமீட்டருக்கு ஒரு நாற்று என்று கயிறு பிடித்து நட்டு, பத்து நாளைக்கு ஒருமுறை கோனோவீடர் உருட்டுகிறோம். அது களையைச் சேற்றுக்குள்ளேயே அமுக்கிவிடும். முதுகு நிமிர்ந்தே வேலை செய்யலாம் என்பது பெரிய விஷயம். ஆனால் குத்தை ஒட்டி முளைக்கிற குதிரைவாலியை அது விட்டுவிடும். அதற்குக் கைதான். செலவு கூடத்தான் ஆகிறது. மூன்று மா மட்டும் வைத்துக்கொண்டு அதிலேயே பிழைக்க வேண்டியவரிடம் போய், மருந்தை நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. எனக்கு ஓய்வூதியம் இருக்கிறது.

போன கார்த்திகையில் களைக்கு நான்கு பெண்கள் வந்தார்கள். அதில் ஒருவர் ஆயாவின் பேத்தி. நூறு நாள் வேலை இல்லாத நாளாகப் பார்த்துத்தான் வரமுடிந்தது. மதியம் கரையேறும்போது கால்வாய்த் திருப்பத்தில் நின்றார். அங்கே வரப்போரம் ஆரைக்கீரை நாலிதழாய்ப் படர்ந்து கிடந்தது. இத்தனை வருடம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை, இரண்டு மழையில் வந்துவிட்டது.

"பறிச்சுக்கங்கம்மா," என்றேன்.

குனிந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "இங்க மருந்து அடிச்சிருக்கா அண்ணே?"

"மூணு வருசமா அடிக்கல."

அவர் வரப்பின் மேல் ஏறி நின்று மேற்கே பார்த்தார். எங்கள் வயலுக்கு மேல்மடை வயலில் வரப்பு முழுக்க மஞ்சளாய்க் கருகியிருந்தது. அங்கிருந்து மடை வழியாகத் தண்ணீர் எங்கள் வயலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. டெல்டாவில் தண்ணீர் வயல்விட்டு வயல்தான் பாயும்.

"தண்ணி அங்கேருந்துதான வருது?"

ஆமாம் என்றேன்.

கையிலிருந்த கொத்தைக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு வரப்பிலேயே போட்டார். வீட்டுக் கொல்லையில், கிணற்றுத் தண்ணீர் மட்டும் பாய்கிற பாத்தியில் பொன்னாங்கண்ணி கொஞ்சம் இருந்தது. அதைப் பறித்து, ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போனார்.